மாடியறையில் எரிந்த பச்சை விளக்கு

2024 ஜூலையில் அக்கா மகள் எங்கள் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தாள். முதுகலை சேர்ந்திருந்தாள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. மாடியறை மேசையில் என் பழைய கணினி இருந்த இடத்தில் இப்போது வேறொரு கணினி இருக்கிறது. அதில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு வைத்திருந்தேன். இணையம் மட்டும் கீழே ரேழியில்.

அவள் கைப்பையிலிருந்து கட்டைவிரல் நகத்தளவு ஒரு வைஃபை அடாப்டரை எடுத்தாள். யுஎஸ்பி துளையில் செருகினாள். மூன்று விநாடி ஆகியிருக்கும். திரையின் மேல் மூலையில் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. எங்கள் வீட்டுப் பெயரைச் சொடுக்கினாள், கடவுச்சொல்லைத் தட்டினாள், பாட்டு ஓட ஆரம்பித்தது.

நான் நகராமல் நின்றேன்.

"என்ன மாமா, இன்னும் ஏதாவது பண்ணணுமா?"

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். அதே அறை, அதே மேசை. 16 வருடங்களுக்கு முன் இதே காரியத்துக்கு எனக்கு 19 நாள் பிடித்தது. அந்த 19 நாளுக்கும் இந்த மூன்று விநாடிக்கும் நடுவில் யார் யாரெல்லாம் உட்கார்ந்து உழைத்தார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். அதை அவளிடம் அன்று சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்துப் பழைய வீடு இது. அப்போது வாடகைக்கு இருந்தோம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக இரண்டடிக்குக் குறையாத சுவர்கள், நடுவில் முற்றம், மரப்படி ஏறினால் ஒற்றை மாடியறை. தொலைபேசி ரேழியில் இருந்ததால் பிராட்பேண்ட் மோடமும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மாடிக்கு ஒயர் இழுப்பதென்றால் இரண்டு சுவர்களில் துளை போட வேண்டும். வீட்டுக்காரர் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே சம்மதிக்க மாட்டார். "நூறு வருஷச் சுவரு தம்பி. ஓரிடத்துல இடிச்சா ஒன்பது இடத்துல உதிரும்" என்பார். அவர் சொன்னது உண்மைதான். வைஃபை தவிர வழியில்லை.

நான் மொழிபெயர்ப்பாளன். பம்புசெட், தையல் இயந்திரம், மிக்சி போன்றவற்றோடு வரும் கையேடுகளைத் தமிழாக்குவது அப்போது என் பிழைப்பு. ராத்திரி வேலை பார்த்து விடிவதற்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 2007 கடைசியில் கணினியில் வைரஸ் புகுந்து இரண்டு மாத வேலையைக் கொண்டுபோயிற்று. அதில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி உரிமம் இல்லாத நகல். கணினியைப் பூட்டிக் கொடுத்தவர் போட்டுத் தந்தது. காசு கொடுக்காமல் வைத்திருந்த பொருள் கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பது? அந்த வெட்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. ஒரு நண்பர் சொல்லி உபுண்டு சிடிக்கு எழுதிப்போட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. 2011 வரை அனுப்பினார்கள். அட்டை உறையில், தபால் செலவுகூட வாங்காமல், 8.04 பதிப்பு வீட்டு வாசலுக்கு வந்தது. எழுத்து, அச்சு, மின்னஞ்சல் எல்லாம் முதல் நாளே ஓடின. வைஃபைக்கு மட்டும் அடாப்டர் வாங்க வேண்டும். சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் 1,150 ரூபாய்க்கு ஒன்று வாங்கிவந்தேன். பெட்டியின் மேல் விண்டோஸ் 98, 2000, எக்ஸ்பி என்று போட்டிருந்தது. லினக்ஸ் என்ற சொல் எங்கும் இல்லை. உள்ளே ஒரு சிறிய சிடி இருந்தது.

செருகினேன். விளக்கு எரிந்தது. எங்கள் மோடத்தின் பெயர்கூடத் தெரிந்தது. இணைக்கச் சொன்னால் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு மறுபடி கடவுச்சொல் கேட்டது. சில சமயம் இணைந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் அறுந்தது. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, அப்போது நான் சிக்கியிருந்த வட்டத்தைச் சொல்ல வேண்டும். வைஃபை வேலை செய்யச் சில கோப்புகள் வேண்டும். அந்தக் கோப்புகள் இணையத்தில் இருந்தன. இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். கணினியைத் தூக்கிக்கொண்டு ரேழிக்குப் போகலாம்தான். குழாய்த்திரை, பெட்டி, யுபிஎஸ் எல்லாவற்றையும் அந்தச் செங்குத்து மரப்படியில் இறக்க எனக்குத் துணிவில்லை, முதுகும் சரியில்லை. கைபேசியில் இணையம் என்பது நான் அறியாத ஒன்று. ஆகவே ஒரு பென் டிரைவையும் ஒரு 80 பக்க நோட்டையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மணிக்கு 20 ரூபாய்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. டெர்மினலில் வரும் பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொள்வேன். சென்டரில் அதைத் தேடி, யாரோ எங்கோ கண்டுபிடித்த விடையைப் பார்த்து, கட்டளைகளை மறுபடி எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். சிறிய எல் எழுத்தையும் 1 என்ற எண்ணையும் மாற்றி எழுதிவிட்டால் அன்றைய பொழுது அதோடு முடிந்தது. கோடு எங்கே வருகிறது, இடைவெளி எங்கே வருகிறது என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். ஒரு கோப்பை இறக்கி வந்தால் அது இன்னொன்றைக் கேட்கும். அதைக் கொண்டுவந்தால் அது மூன்றாவதைக் கேட்கும். ஒரே நாளில் நான்கு தடவை போயிருக்கிறேன். சென்டர் தம்பி இரண்டாவது வாரத்திலிருந்து முதல் கால் மணிக்குக் காசு வாங்குவதில்லை. "பாதி நேரம் நீங்க நோட்டுல எழுதிட்டுத்தானே இருக்கீங்க சார்" என்றான். பென் டிரைவில் ஒவ்வொரு முறையும் அவன் கணினிகளிலிருந்து இரண்டு மூன்று வைரஸ் கோப்புகள் தொற்றிக்கொண்டு வரும். லினக்ஸில் திறந்தால் அவை ஒன்றும் செய்ய முடியாமல் பெயர்களாக மட்டும் வரிசையில் நிற்கும். அழித்துவிட்டு வேலையைத் தொடர்வேன். அது ஒன்றே அந்த நாட்களில் எனக்குத் தெம்பு.

எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையைக் கற்றுக்கொண்டது அப்போதுதான். செருகியிருக்கும் ஒவ்வொரு யுஎஸ்பி சாதனமும் தன் அடையாளமாக இரண்டு எண்களைச் சொல்லும். முதலாவது தயாரித்த நிறுவனத்துக்குரியது, இரண்டாவது பொருளுக்குரியது. என்னுடையது 148எஃப், 2573 என்றது. பெட்டியின் மேல் பளபளவென்று அச்சிட்டிருந்த பெயருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உள்ளே இருந்தது தைவான் நிறுவனமான ராலிங்க்கின் சிப். அடாப்டரை விற்பவர் ஒருவர், சிப்பைச் செய்தவர் இன்னொருவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தச் சிப்போடு பேச டிரைவர் வேண்டும். அதைத் தமிழில் இயக்கி என்கிறோம். எனக்கு அதைவிட, இரு தரப்புக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பவரைக் குறிக்கும் துபாஷி என்ற பழைய சொல் பொருத்தமாகப் படுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அதுபோல. இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குச் சிப்பின் மொழி தெரியாது. சிப்புக்குக் கர்னலின் மொழி தெரியாது. இன்ன முகவரியில் இன்ன எண்ணை எழுதினால் அலைவரிசை மாறும், இன்ன எண்ணை எழுதினால் ஒலிபரப்பின் வலு கூடும் என்பது சிப்பின் மொழி. அந்த அகராதி சிப்பைச் செய்தவரிடம் இருக்கும். அவர் விண்டோஸுக்கு மட்டும் ஒரு துபாஷியைச் செய்து சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டு, அகராதியைப் பூட்டி வைத்துக்கொள்வார். அப்போது பல நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இது உள்ளபடியே உறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பொருளோடு பேசுவதற்கு அகராதி இல்லை என்றால் அந்தப் பொருள் எனக்கு எப்படிச் சொந்தமாகும்?

முதலில் என்டிஸ்ராப்பர் என்ற மென்பொருளை முயன்றேன். அது ஒரு விந்தையான ஏற்பாடு. சிடியில் இருக்கும் விண்டோஸ் டிரைவரையே எடுத்துக்கொண்டு, விண்டோஸ் கர்னலில் அது எதிர்பார்க்கும் வசதிகளை லினக்ஸுக்குள் போலியாகச் செய்துகொடுக்கும். டிரைவர் தான் விண்டோஸில் இருப்பதாகவே எண்ணி வேலை பார்க்கும். எட்டாவது நாள் இரவு அதன் வழியாக இணையம் வந்துவிட்டது. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு எலிக்குறி அசையாமல் கணினியே உறைந்துபோயிற்று. மின்சாரத்தை நிறுத்திப் போட்டேன். மறுபடி ஓடி மறுபடி உறைந்தது. சேமிக்காத பக்கங்கள் ஒவ்வொரு தடவையும் போயின. மூன்று நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அடுத்தவருடைய துபாஷியை நம்பி உள்ளே விட்டால், அவர் என்ன பேசுகிறார் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

மிஞ்சிய வழி மூலநிரலைக் கொண்டுவந்து கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு நானே மாற்றுவது, அதாவது கம்பைல் செய்வது. இங்கே ராலிங்க்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூடி வைத்திருந்த காலத்தில், அவர்கள் தங்கள் லினக்ஸ் டிரைவரின் மூலநிரலை ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வெளியே கொடுத்தார்கள். தன்னார்வலர்கள் அதைச் செப்பனிட்டு, பிறகு அந்த அனுபவத்திலிருந்து ஆர்டி2எக்ஸ்00 என்ற பெயரில் புதிதாகவே எழுதினார்கள். அந்தப் புது டிரைவர் 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கர்னலில் சேர்ந்தது. என் உபுண்டுவில் இருந்ததும் அதே கர்னல். நான் முதல் நாள் பார்த்த தடுமாற்றம் பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையின் நடை. செப்பனிட்ட பழைய டிரைவரோ நன்றாக ஓடும் என்று பலர் எழுதியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்தேன். கம்பைல் செய்யக் கர்னல் ஹெட்டர் கோப்புகள் வேண்டும் என்றது. கொண்டுவந்தேன். கம்பைல் ஆயிற்று. ஏற்றினால் கர்னல் ஒரு வரிப் பிழைச் செய்தி காட்டி ஏற்க மறுத்தது. ஆறு நாள் அந்த ஒரே வரியோடு மல்லுக்கட்டினேன்.

தஞ்சாவூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், நண்பர் சொன்னதன் பேரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரே ஒரு கட்டளை தட்டினார்.

"சார், உங்க கர்னல் 2.6.24-16. நீங்க கொண்டுவந்த ஹெட்டர் 19-க்கு உள்ளது. புதுசா வந்த அப்டேட்டோடது."

"கடைசி எண் மட்டுந்தானே தம்பி வேற?"

"செருப்பு மாதிரி சார். ஒரே கம்பெனி, ஒரே டிசைனா இருந்தாலும் நம்பர் மாறினா கால்ல ஏறாது."

அவரே என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் 16-க்கு உரிய இரண்டு பொதிகளை இறக்கி வந்தார். கர்னலோடு வந்த டிரைவரும் இதுவும் ஒரே அடாப்டருக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, முந்தையதை ஏற்ற வேண்டாம் என்று ஒரு கோப்பில் எழுதினார். மறுபடி கம்பைல். சாயங்காலம் நாலரை மணி. பச்சை விளக்கு இரண்டு தடவை மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தது. அன்று 19-ஆம் நாள். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. இரண்டு டம்ளர் காபி மட்டும் குடித்தார். "எனக்கும் ஒருத்தர் இப்படி வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார் சார்" என்றார்.

அன்று இரவு சுவரைப் பற்றி ஒரு சின்ன உண்மையும் தெரிந்தது. அடாப்டரைக் கணினியின் பின்பக்கம் செருகினால் சமிக்ஞை சோர்ந்துவிடும். ஒரு கஜ நீள எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, முற்றத்தைப் பார்த்த ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் முழுசாகக் கிடைக்கும். இரண்டடிச் சுவரைத் துளைக்க முடியாத அலை, மழையும் வெயிலும் வருகிற அதே முற்றத்தின் வழியாக ஏறி வந்தது. அந்தக் கேபிள் இன்றும் அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாதுகாப்பு அப்டேட் வந்தது, கர்னலின் எண் மாறியது, வைஃபை போயிற்று. மறுபடி கம்பைல் செய்தேன். இந்த முறை முக்கால் மணியில் முடிந்தது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இப்படி. 2010-இல் 10.04 பதிப்புக்கு மாறினேன். பழக்கத்தில் மூலநிரலை எடுத்து வைத்துக்கொண்டு செருகினால், நான் எதையும் தொடாமலே இணைந்துவிட்டது. கர்னலில் இருந்த அந்தக் குழந்தை நடை பழகிவிட்டது. அன்றைக்குப் பிறகு அந்த அடாப்டருக்காக நான் டெர்மினலைத் திறந்ததில்லை.

அந்த வருடங்களையொட்டி வெளியே நடந்தது பெரிய காரியம். முன்பெல்லாம் ஒவ்வொரு வைஃபை டிரைவரும் எல்லா வேலையையும் தனக்குத் தனக்கென்று எழுதிவைத்திருந்தது. பொதுவான வேலைகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி மேக்80211 என்ற அடுக்கு 2007-இல் கர்னலுக்குள் வந்தது. ஜொஹன்னஸ் பெர்க் அதைப் பல ஆண்டாகக் கட்டிக்காத்து வருகிறார். 2007-இல் கர்னலை உருவாக்குபவர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன், எந்த நிறுவனம் தன் சாதனத்தின் விவரங்களைக் கொடுத்தாலும் லினக்ஸ் டிரைவரை இலவசமாகவே எழுதித் தருகிறோம் என்று அறிவித்தார். ஏதரோஸ் நிறுவனம் 2008-இல் தன் புதிய சிப்புகளுக்குத் தானே திறந்த டிரைவரைக் கொடுத்தது. விவரம் தராத நிறுவனங்களின் சிப்புகளையும் சிலர் விடவில்லை. பிராட்காம் சிப்புகளுக்கு ஒரு குழு, இருக்கிற டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து அது செய்வதை வெறும் விளக்கமாக மட்டும் எழுதியது. அந்த டிரைவரைக் கண்ணாலும் பாராத இன்னொரு குழு விளக்கத்தை மட்டும் படித்துப் புதிதாக நிரல் எழுதியது. திருட்டுப் பழி வரக்கூடாது என்பதற்காக இத்தனை கட்டுப்பாடு. அகராதி கிடைக்காத மொழியைக் கதவுக்கு வெளியே நின்று காதால் கேட்டுக் கேட்டு இலக்கணம் எழுதியதற்குச் சமம் அது. என் தொழிலில் இதைவிடக் கடினமான வேலை எனக்குத் தெரியாது.

அந்த பிராட்காம் வேலையில் தொடங்கியவர்களில் ஒருவர் லாரி ஃபிங்கர். பிறகு ரியல்டெக் சிப்புகளுக்கான டிரைவர்களைப் பல ஆண்டு பராமரித்தார். லினக்ஸ் கர்னலுக்கு அவர் கொடுத்த திருத்தங்கள் 1,500-க்கும் மேல். அவருடைய திருத்தங்களில் பெரும்பாலானவை ஓய்வுபெறும் வயதைத் தாண்டி எழுதியவை. அடாப்டர் வேலை செய்யவில்லை என்று திண்டாடி வந்த முகம் தெரியாதவர்களுக்கு அவரே பதில் எழுதுவார். 2024 ஜூனில் 84 வயதில் இறந்தார். அக்கா மகள் மாடியறையில் அடாப்டரைச் செருகியது அதற்கு அடுத்த மாதம். அவளுடையதும் ரியல்டெக் சிப். நான் நகராமல் நின்றதற்கு அது ஒரு காரணம்.

அந்த மூன்று விநாடிக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். செருகியவுடன் அடாப்டர் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொண்டது. விண்டோஸ் டிரைவரைத் தனிச் சிடியில் கொடுக்காமல் அடாப்டருக்குள்ளேயே வைத்து விற்கும் வழக்கத்தால் வந்த வேடம் அது. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு மென்பொருள் அதன் எண்களை அடையாளம் கண்டு, வேடத்தைக் கலைக்கும் செய்தியை அனுப்பியது. சிடி மறைந்து வைஃபை சாதனம் வெளிப்பட்டது. புதிய எண்களைப் பார்த்துக் கர்னல் அறிவிப்புக் கொடுத்தது. யுடெவ் என்ற மென்பொருள் அந்த எண்ணுக்குரிய டிரைவர் எது என்று அட்டவணையில் பார்த்து ஏற்றியது. தன்னை இயக்கும் நிரலைச் சிப் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. பிடுங்கினால் அது மறந்துபோகும். ஆகவே டிரைவர் ஒவ்வொரு தடவையும் ஃபர்ம்வேர் என்ற கோப்பை அதற்குள் ஊட்ட வேண்டும். ஊட்டியது. அதன் பிறகே அது அலைவரிசைகளைத் துழாவியது. கடவுச்சொல்லைத் தட்டியபோது, அந்தச் சொல் காற்றில் போகாமலே இரண்டு பக்கமும் நான்கு செய்திகளைப் பரிமாறி, ஒருவரையொருவர் மெய்ப்பித்துக்கொண்டன.

இதில் எந்தப் படியும் தானாக அமைந்ததில்லை. இந்த வகை ரியல்டெக் யுஎஸ்பி சிப்புகளுக்கான ஆதரவு, 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கர்னலில்தான் வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால் வாங்கியிருந்தால் அவளும் ஒரு சாயங்காலம் கம்பைல் செய்திருப்பாள். ஃபர்ம்வேர் சங்கதியும் அப்படியே. மூலநிரல் வெளியிடாத ஃபர்ம்வேரைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்க மாட்டேன் என்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் நெடுநாள் உறுதியாக இருந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்கெடுத்துச் சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பு அப்படியே வந்தது. கொள்கையில் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் உண்டு. அவர்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த முடிவு சரி என்பதே என் கட்சி. நிறுவும் நேரத்திலேயே வைஃபை கிடைக்காத ஒருவர் அந்த 19 நாளைக் கடந்து வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வராமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

செப்டம்பரில் அக்கா மகளின் தோழி ஒருத்தி தன் கணினிப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அதே உபுண்டு, அதே பதிப்பு. இணையத்தில் பார்த்து, வேகம் பெரிய எழுத்தில் போட்டிருந்த அடாப்டரை 1,800 ரூபாய்க்கு வாங்கியிருந்தாள். செருகினால் விளக்கே இல்லை. எல்எஸ்யுஎஸ்பி தட்டினேன். அந்தச் சிப்புக்குக் கர்னலில் அப்போது டிரைவர் கிடையாது. இதே மாடல் எண்ணில் முன்பு வாங்கியவர்களுக்கு நன்றாக வேலை செய்ததாம். மாடல் எண்ணை மாற்றாமல் உள்ளே சிப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஒட்டுச்சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பதிப்பு எண் மட்டும் மாறியிருந்தது.

அக்கா மகள் தன் கைபேசியை ஒரு யுஎஸ்பி ஒயரில் மாட்டி, டெதரிங்கை இயக்கினாள். அடுத்த நொடி கணினிக்கு இணையம் வந்துவிட்டது. என் 80 பக்க நோட்டின் வட்டம் முழுவதும் அந்த ஒரு ஒயரில் அறுந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன்னார்வலர் ஒருவர் பராமரிக்கும் மூலநிரலை இறக்கினோம். கம்பைல் ஆயிற்று. ஏற்றினால் கர்னல் மறுத்தது. எண் பொருந்தாததால் அல்ல. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பம் இல்லாத டிரைவருக்கு அனுமதி இல்லை. சாவி ஒன்று உருவாக்கி, கணினியை நிறுத்திப் போட்டு, நீலத் திரையில் அதைப் பதிந்து, ஒப்பமிட்டு ஏற்றினோம். சாயங்காலம் ஆகிவிட்டது. விளக்கு எரிந்தது. அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் நான் அவளிடம், திருப்பிக் கொடுக்க நாள் மிச்சமிருந்தால் கொடுத்துவிடு என்றேன். அடுத்த பெரிய கர்னல் மாற்றத்தில் இது உடையலாம். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தானே கம்பைல் செய்துகொள்ளும் என்பது உண்மை. மூலநிரலே புதிய கர்னலுக்குப் பொருந்தாமல் போனால் அதுவும் கையை விரிக்கும். அப்போது அந்தத் தன்னார்வலருக்கு நேரம் இருக்க வேண்டும், உடல்நலம் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் வேகத்தை அச்சிட்டு விற்றவர் ஒரு வரிகூட எழுதாமல் இருக்க, ஊர் பேர் தெரியாத ஒரு மனிதர் ராத்திரி விழித்து அந்தப் பொருளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது முறையல்ல. 2008-இல் அது எனக்கு உறுத்தியது. இன்றும் அதே அளவு உறுத்துகிறது.

அவளுக்குக் கடைக்குப் போய் வேறொன்று வாங்கித் தந்தேன். "என்ன சிப் இருக்கு இதுல?" என்று கேட்டேன். "சிப்பா? அதெல்லாம் யாரும் கேட்டதில்லை சார். வைஃபை வரும்" என்றார் கடைக்காரர். அவர்மேல் குற்றமில்லை. பெட்டியில் இல்லாததை அவர் எப்படிச் சொல்வார்? கைபேசியில் தேடி, அந்த மாடலின் அந்தப் பதிப்பில் இருப்பது கர்னலுக்குத் தெரிந்த சிப் என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுத்தேன்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும் என்றால் ஏதரோஸ் ஏஆர்9271. அதன் ஃபர்ம்வேரின் மூலநிரல்கூட 2013-இலிருந்து வெளியே கிடைக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டும் என்றால் மீடியாடெக்கின் எம்டி7612யு. இன்னும் புதியது வேண்டும், கர்னலும் 5.18-க்கு மேல் இருக்கிறது என்றால் எம்டி7921ஏயு. மீடியாடெக் 2011-இல் வாங்கியது என் பழைய ராலிங்க்கைத்தான். இவற்றின் டிரைவர்கள் கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கர்னல் மாறும்போது அவற்றையும் சேர்த்துத் திருத்துகிறார்கள். கடையில் சிப்பின் பெயரைக் கேளுங்கள். தெரியாது என்றால் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விநியோகஸ்தரைக் கேட்பார். அவர் கம்பெனியைக் கேட்பார்.

போன மாதம் அக்கா மகளின் அடாப்டர் கல்லூரிக்குக் கொண்டுபோன இடத்தில் எங்கோ தவறிவிட்டது. புதிது வாங்கும்வரை என் பழைய ராலிங்க் அடாப்டரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதனோடு வந்த சிடி விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. அதைப் போடக் கணினியில் சிடி துளையும் இல்லை. ஜன்னல் கம்பியில் தொங்கும் கேபிளில் மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. 2008-இல் வாங்கியது, 54 மெகாபிட் வேகத்துக்கு உரியது. இந்தக் கட்டுரையை அதன் வழியாகவே அனுப்புகிறேன்.